தவளைத் தோலில் ஒரு மருந்துக் கிடங்கு

நாம் அற்பமென்று ஒதுக்கும் உயிரினங்களுள் தவளையும் ஒன்று. மழைக்காலம் வந்துவிட்டால் முற்றத்திலும் கிணற்றடியிலும் அது தாவித் திரியும். சிறுவர்கள் கல்லெறிவார்கள், பெண்கள் துடைப்பத்தால் விரட்டுவார்கள். ஆனால், ஃபிர்அவ்னின் கூட்டத்தாருக்கு அனுப்பப்பட்ட அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயத்தில் இடம்பெற்ற பிராணி இது. வல்ல அல்லாஹ் எதனையும் வீணாகப் படைக்கவில்லை என்பதற்குத் தவளையின் ஈரத்தோலே ஒரு சான்றாக விளங்குகிறது.

அத்தோலைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதன்மீது செதில் இல்லை, உரோமம் இல்லை, இறகும் இல்லை. அந்த மெல்லிய தோலின் வழியாகவே தவளை நீரை உறிஞ்சுகிறது. ஓரளவு சுவாசிக்கவும் செய்கிறது. அது வாழுமிடமோ கிருமிகள் மொய்க்கும் சேறும் தேங்கிய நீரும்! இத்தனை மெல்லிய போர்வையுடன் அது நோயின்றி வாழ்வது எங்ஙனம்?

அழுக்கு நீரில் ஆறிய புண்

இவ்வினாவுக்கு விடை தேட ஒரு தற்செயலான நிகழ்ச்சி வழிவகுத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஸாஸ்லாஃப் என்னும் மருத்துவ விஞ்ஞானி, தம் ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்க நகத் தவளைகளின் வயிற்றைக் கீறி முட்டைகளை எடுத்து, மீண்டும் தைத்துத் தொட்டியில் விடுவது வழக்கம். தொட்டி நீர் தூய்மையானதன்று. எனினும் அத்தவளைகளின் புண்கள் சீழ் பிடிக்காமல் ஆறிவிடுவதை அவர் கண்டார். காரணத்தை ஆராய்ந்தபோது, தோலிலுள்ள சுரப்பிகளிலிருந்து 23 அமினோ அமிலங்களாலான இரு சிறு புரதத் துணுக்குகள் அவருக்குக் கிடைத்தன. 1987-ஆம் ஆண்டில் அவற்றை அவர் உலகுக்கு அறிவித்தார். எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'மகைனின்' என்று அவற்றிற்குப் பெயரிட்டார்.

இத்துணுக்குகள் வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. அவை நேர்மின்னூட்டம் கொண்டவை. பாக்டீரியாக்களின் மேலுறையோ எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே காந்தத்தில் இரும்பு ஒட்டுவதுபோல் அவை கிருமியின்மேல் ஒட்டிக்கொண்டு, அதன் உறையைத் துளைத்துவிடுகின்றன, கிருமி மடிகிறது. மனித உயிரணுக்களின் மேலுறை வேறு அமைப்புடையதாதலால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

நம் உடலிலும் உண்டு

இத்தகைய காவலர்களை இறைவன் தவளைக்கு மட்டும் அளித்துவிடவில்லை. 'டிஃபென்சின்' எனப்படும் இதே இனத்துப் புரதத் துணுக்குகள் மனிதனின் வெள்ளை அணுக்களில் இருப்பது 1985-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. நம் தோலும், குடலும், மூச்சுக்குழலும் இவற்றைச் சுரக்கின்றன. கிருமியைக் கொல்வதோடு இவை நின்றுவிடுவதில்லை. நோயெதிர்ப்பு அணுக்களை ஆபத்து நேர்ந்த இடத்திற்கு அழைக்கும் தூதர்களாகவும் பணிபுரிகின்றன. தவளைத் தோலின் துணுக்குகளிலும் சில நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகின்றன. வேறு சில மிதமிஞ்சிய அழற்சியைத் தணிக்கின்றன. இவற்றை ஆராய்ந்தால் நம் நோயெதிர்ப்பாற்றலுக்குத் துணைபுரியும் மருந்துகள் கிட்டக்கூடும் என்பதே விஞ்ஞானிகளின் எதிர்பார்ப்பு.

இந்த ஆய்வுகள் நமக்கு நெருங்கிய இடங்களிலும் நடந்துள்ளன. அல் ஐன் நகரிலுள்ள ஐக்கிய அரபு அமீரகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல்வேறு தவளைகளின் தோலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கிருமிக்கொல்லிப் பொருட்களை இனங்கண்டதாக 2010-ஆம் ஆண்டில் தெரிவித்தனர். ஹைதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினர் நம் வயல்களில் வாழும் பெரிய தவளையிலிருந்து பெற்ற 'டைகரினின்' என்னும் துணுக்குகளை 2001-இல் விவரித்தனர். திருவனந்தபுரம் ராஜீவ்காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் இணைந்து, தென்னகத் தவளை ஒன்றின் தோற்சுரப்பில் சளிக்காய்ச்சல் வைரஸை அழிக்கும் துணுக்கைக் கண்டு 2017-இல் வெளியிட்டன. கேரளத்தின் சுருள்வாளான உறுமியின் பெயரால் அது 'உறுமின்' என வழங்கப்படுகிறது. எச்1 வகை வைரஸ் தொற்றிய எலிகளை அது காத்தது.

மருந்துக் கடைக்கு ஏன் வரவில்லை?

எலியைக் காத்தது மனிதனைக் காக்கும் மருந்தாகிவிடுமா? உடனே ஆகிவிடாது. இத்துணுக்குகளை இரத்தத்திலுள்ள நொதிகள் விரைவில் சிதைத்துவிடுகின்றன. சில, சிவப்பணுக்களுக்கும் கேடு செய்கின்றன. தயாரிப்புச் செலவும் அதிகம். மகைனினைத் திருத்தி, நீரிழிவு நோயாளிகளின் காற்புண்ணுக்கென 'பெக்ஸிகனான்' என்ற களிம்பு உருவாக்கப்பட்டது. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி மறுத்தது. 2016-இல் வெளியான மறுசோதனை முடிவுகளும் ஏமாற்றமே அளித்தன.

அவ்வாறாயின் இம்முயற்சியைக் கைவிட்டுவிடலாமே எனத் தோன்றும். கைவிட இயலாத நிலை. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.7 இலட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பழைய மருந்துகள் வலுவிழக்கும்போது புதியவற்றைத் தேடுவது கடமையாகிறது. மருத்துவர் எழுதித் தராமல் கிருமிக்கொல்லி மாத்திரைகளை வாங்கி விழுங்குவதும், எழுதித் தந்தவற்றைப் பாதியில் நிறுத்துவதும் இக்கேட்டை வளர்க்கின்றன என்பதை நம் இல்லங்கள் உணர்தல் வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. தென்னமெரிக்கத் தவளையொன்றின் நஞ்சைத் தோலைச் சுட்டு ஏற்றும் 'கம்போ' என்னும் சடங்கினை, நோயெதிர்ப்பாற்றலைப் பெருக்கும் சிகிச்சை என்று சிலர் விற்கின்றனர். அதனால் உயிரிழந்தோர் உண்டு. ஆஸ்திரேலியா 2021-இல் அதனைத் தடை செய்தது. ஆய்வுக்கூடத்தில் நம்பிக்கை தரும் பொருள் வேறு. சோதித்துத் தேர்ந்த மருந்து வேறு.

நபிமொழியின் வெளிச்சத்தில்

ஒரு மருத்துவர் தவளையை மருந்தில் சேர்ப்பது பற்றி வினவியபோது, அதனைக் கொல்லலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற செய்தி அபூதாவூத், நஸாஈ ஆகிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் தவளை உண்ணத்தகாத பிராணியே. அங்ஙனமிருக்க, இவ்வாய்வுகளை நாம் எப்படி நோக்குவது?

ஆய்வாளர் சிலர் ஒரு காலத்தில் தவளைகளைக் கொன்றே பொருள் எடுத்தனர். 'எபிபேட்டிடின்' என்னும் வலிநீக்கியை ஆராய 1976-இல் ஈக்வடார் நாட்டில் ஏறத்தாழ 750 தவளைகளின் தோல் உரிக்கப்பட்டது. இன்றைய முறை வேறு. இலேசான மின்தூண்டலால் தவளையைச் சுரக்கச் செய்து, அச்சுரப்பைத் திரட்டிக்கொண்டு அதனை உயிருடன் விட்டுவிடலாம். துணுக்கின் அமைப்பு தெரிந்துவிட்டால் அமினோ அமிலங்களைக் கோத்து ஆய்வுக்கூடத்திலேயே செய்துகொள்ளலாம். அதில் தவளையின் துளிப் பாகமும் இராது. அத்தகைய மருந்து பற்றிய தீர்ப்பை ஆலிம் பெருமக்கள் கூறட்டும். ஆனால், தவளையைக் கொல்லாமலே அதனிடம் பாடம் கற்கும் வழி திறந்திருப்பது நமக்கு நிறைவளிக்கிறது.

கொல்லாதிருத்தலின் அருமையை ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஓர் இழப்பு உணர்த்தும். முட்டைகளை விழுங்கி இரைப்பையிலேயே குஞ்சு வளர்த்த தவளையினம் ஒன்று குயின்ஸ்லாந்தில் இருந்தது. அக்காலத்தில் தாயின் இரைப்பை அமிலச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும். வயிற்றுப்புண்ணுக்கு மருந்து காட்டியிருக்கக்கூடிய அவ்வினம், 1973-இல் அறிவிக்கப்பட்டு, பத்தே ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. இன்று நிலநீர் வாழ்வனவற்றில் நூற்றுக்கு 41 இனங்கள் அழியும் நிலையில் இருப்பதாக 2023-ஆம் ஆண்டின் உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. நீர்நிலைகள் தூர்வதும், பூச்சிமருந்தும், தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சையும் காரணங்களாகும்.

ஊர்க் குளத்தைத் தூர்த்து மனையாக்குவோரும், வயலில் அளவின்றி நஞ்சு தெளிப்போரும் இதனை எண்ணிப் பார்க்கட்டும். முற்றத்துத் தவளையின்மீது கல்லெடுக்கும் பிள்ளையின் கையை, தாய்மார்களே, அன்போடு தடுத்து நிறுத்துங்கள். அக்குழந்தைக்கு நாளை தேவைப்படும் மருந்தின் இரகசியத்தை அந்தப் பிராணியின் தோலில் அல்லாஹ் வைத்திருக்கக்கூடும்.