படத்தை எடுத்து ஒட்டுதல்

ஓரிடத்திற் கண்ட படத்தை எடுத்து மற்றோரிடத்தில் ஒட்டுதல் கணிப்பொறி பயிலும் சிறுவருக்கும் எளிய செயல். ஆயினும், ஒட்டிய படம் வாராதொழிவதையும், படத்திற்கு மாறாக அதன் பெயர் மட்டும் வந்து நிற்பதையும் கண்டு நம்மிற் பலர் மயங்கியிருக்கின்றோம். இதன் காரணத்தை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

கத்திரியும் பசையுங் கொண்டு கையெழுத்துப் பிரதியைத் திருத்திய பழைய வழக்கே இம்முறைக்கு மூலம். 1970-களின் நடுவில், அமெரிக்காவிலே ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில், லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர் 'ஜிப்ஸி' என்ற மென்பொருளை இயற்றியபொழுது இதனைக் கணிப்பொறியில் அமைத்தனர். 1983-இல் வந்த ஆப்பிள் லிசாவும், 1984-இல் வந்த மாக்கின்டாஷும் அதனை மக்களிடையே பரப்பின.

நகலெடுத்த பொருள் தங்குமிடம் கிளிப்போர்டு எனப்படும். அஃது ஒரு பொருளை ஒரே வடிவில் வைக்கும் பெட்டியென எண்ணுதல் தவறு. விண்டோஸில் ஒரே பொருள் பல வடிவங்களில் ஒருங்கே வைக்கப்படலாம். பிரௌசரிற் காணும் படத்தை நகலெடுத்தால் அதன் நிறப்புள்ளிகள் வைக்கப்படுகின்றன. கோப்புறையிலுள்ள படக்கோப்பை நகலெடுத்தாலோ, புள்ளிகள் வருவதில்லை. கோப்பு இருக்குமிடத்தைக் காட்டும் குறிப்பே வருகின்றது. முன்னது பண்டத்தையே கையிற் கொடுத்தல் போலும். பின்னது அப்பண்டம் உள்ள வீட்டின் விலாசத்தை எழுதிக் கொடுத்தல் போலும்.

ஆதலின், மென்பொருள் இயற்றுவோர் இவ்விரண்டிற்கும் வழி செய்தல் வேண்டும். விலாசம் வந்தால் அக்கோப்பைத் திறந்து படித்தலும், புள்ளிகள் வந்தால் அவற்றை நேரே ஏற்றலும் முறையாம். ஒன்றையே எதிர்நோக்கும் மென்பொருள், மற்றது வந்தபோது வாளா இருந்துவிடும். மேலும், பிட்மாப் வடிவிற் பெறுங்கால், பின்னணியற்ற படத்தின் வெற்றிடம் சில வேளை கருநிறமாய் மாறுவதுண்டு. பிஎன்ஜி வடிவமும் உடனிருப்பின் அதனை முதலிற் கொள்ளுதல் நன்று. அளவையும் மறத்தலாகாது. 1920-க்கு 1080 புள்ளிகளுள்ள படம், புள்ளியொன்றுக்கு 4 பைட்டாகச் சுருக்கப்படாதிருப்பின், 82,94,400 பைட் இடங்கொள்ளும்.

இஃது இயற்றுவோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. பல இரவுகள் விழித்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் மாணவரொருவர் படங்களை ஒட்டுகின்றார். மென்பொருள் விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டிருப்பின், அவர் திரையில் எல்லாம் செவ்வனே தோன்றும். ஆசிரியரின் கணிப்பொறியிலோ படமிருந்த இடம் வெறுமையாய்க் கிடக்கும். உழைப்பு மெய்யே, சான்று போய்ச் சேரவில்லை.

ஆகவே, கட்டுரையை அனுப்புமுன் வேறொரு கணிப்பொறியில் ஒருமுறை திறந்து பார்ப்போமாக. விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் பண்டத்தையே கொடுத்ததாக எண்ணாதிருப்போமாக.