கொங்கு வட்டார ஆய்வுத் தளங்களும் தேடுபொறிச் செருகுநிரலும்: தமிழ்ச் சொல்லமைப்பு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு வட்டாரத்தின் ஊர்ப்பெயர், தொல்லியல், தொழில் வரலாறு ஆகியன பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் இணையத்தில் இடம்பெற்றிருந்தும் தேடுவோர் கைக்கு எட்டாமல் போவதுண்டு. தளத்தின் அமைப்பு அதற்கு ஒரு காரணம். வேர்ட்பிரஸ் தளங்களில் பரவலாகப் பயன்படும் யோஸ்ட் என்னும் செருகுநிரலை நிறுவும் முறையையும், அது தமிழ்ச் சொல்லை எவ்வாறு காண்கிறது என்பதையும், அதனால் தமிழில் எழுதுவோர் தாமே செய்துகொள்ள வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொங்கு நாடு, தேடுபொறி, செருகுநிரல், ஒருங்குறி, புணர்ச்சி, ஊர்ப்பெயர்.

முன்னுரை

2010ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனுடன் உத்தமம் அமைப்பின் ஒன்பதாம் தமிழ் இணைய மாநாடும் கூடியது. அதே மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழ்க் கணினிப் பயன்பாட்டுக்குரிய தரமாக ஏற்று ஆணையிட்டது. டிஸ்கி, டாம், டாப் எனக் குறியேற்றங்கள் பலவாக இருந்த காலத்தில், ஒரு குறியேற்றத்தில் எழுதியதை வேறொன்றில் தேடிக் காண இயலாது. ஒருங்குறி அத்தடையை நீக்கியது. எனினும் ஒரு பனுவல் தேடத்தக்க நிலையில் இருப்பது வேறு. தேடுபவர் முன் அது வந்து நிற்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பணியே தேடுபொறி உகப்பாக்கம் எனப்படுகிறது.

இப்பணிக்கு உதவும் நிரல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தையும் பிற ஐரோப்பிய மொழிகளையும் முன்வைத்து உருவானவை. யோஸ்ட், நெதர்லாந்தைச் சேர்ந்த யூஸ்ட் டி வால்க் என்பவரால் உருவாக்கப்பட்டது. ஈரோடு, காங்கேயம், கொடுமணல் போன்ற பெயர்கள் அந்நிரலுக்குள் செல்லும்போது நிகழ்வது என்ன என்பதை அறியாமல் அதன் விளக்குகளை நம்புவது பயன் தராது.

நிறுவுதல்

வேர்ட்பிரஸ் நிர்வாகப் பக்கத்தில் ‘செருகுநிரல்கள்’ பகுதிக்குச் சென்று, யோஸ்ட் எனத் தேடி, நிறுவி, இயக்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். தளத்தில் இதே பணியைச் செய்யும் வேறொரு செருகுநிரல் முன்பே இருப்பின் அதனை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் ஒருசேர இயங்கினால் ஒரே பக்கத்துக்கு இரண்டு விவரக்குறிப்புகள் உருவாகும்.

நிறுவும் முன் வேர்ட்பிரஸ் அமைப்புகளில் மூன்றைச் சரிபார்ப்பது நன்று. பொது அமைப்பில் தளமொழி தமிழாக இருக்க வேண்டும். பக்கத்தின் மொழி இன்னது என்னும் குறிப்பு இதிலிருந்தே எழுதப்படுகிறது. வாசிப்பு அமைப்பில், தேடுபொறிகள் தளத்தை அட்டவணைப்படுத்த வேண்டா எனக் கேட்டுக்கொள்ளும் கட்டம் குறியிடப்படாமல் இருக்க வேண்டும். தளம் உருவாகும் காலத்தில் அதனைக் குறியிட்டுவிட்டுப் பின்னர் மறந்துவிடுவோர் உளர்; அந்நிலையில் எச்செருகுநிரலாலும் பயனில்லை. மூன்றாவது நிலைத்தொடுப்பு, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய முகவரியின் வடிவம். இதில் கட்டுரைத் தலைப்பை ஒட்டிய வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். தமிழுக்கு முதற்சிக்கல் தோன்றும் இடமும் இதுவே.

முகவரியில் தமிழ்

ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் தேவை. உயிர்மெய்யில் மெய்க்குரிய குறியீடு ஒன்று, உயிர்க்குறி மற்றொன்று. புள்ளியும் தனிக் குறியீடே. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக மாற்றி எழுதப்படுவதால், ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது இடங்களைப் பிடிக்கிறது. ‘கோயம்புத்தூர்’ என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 7, குறியீடுகள் 13, பைட்டுகள் 39, முகவரியில் அது கொள்ளும் இடங்கள் 117. ‘கோவை’ என்பதற்கோ 36 இடங்களே போதும்.

வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரையின் முகவரிப்பெயருக்கு ஒதுக்கப்பட்டுள்ள இடங்கள் 200. ஆகவே ‘கோயம்புத்தூர் மாவட்டக் கல்வெட்டுகள்’ எனத் தலைப்பிட்டால், முதல் இரு சொற்களும் இடைக்கோடும் 190 இடங்களை எடுத்துக்கொள்ள, அடுத்த இடைக்கோட்டுக்குப் பின் ஒரே ஒரு குறியீட்டுக்குத்தான் இடமிருக்கும். முகவரி ‘கோயம்புத்தூர்-மாவட்டக்-க’ என அறுந்து நிற்கும். கல்வெட்டு என்னும் சொல் முகவரிக்குள் வரவே இல்லை. சில தலைப்புகளில் இவ்வெட்டு மெய்க்கும் அதன் புள்ளிக்கும் இடையே விழுந்து, எழுத்தையே வேறாக்கிவிடுவதும் உண்டு.

ஆய்வாளருக்கு இது தோற்றச் சிக்கல் மட்டுமன்று. அச்சிட்ட நூலின் அடிக்குறிப்பில் இத்தகைய முகவரியைத் தந்தால், இருநூறு குறிகளையும் பிழையின்றித் தட்டெழுத எவராலும் இயலாது. மேற்கோள் சரிபார்க்க முடியாததாகிவிடும். எனவே, யோஸ்ட் பகுதியில் உள்ள முகவரிப்பெயர்ப் பெட்டியில் ஆங்கில எழுத்துகளால் ஆன சுருக்கமான வடிவத்தைத் தாமே எழுதுவது பொருத்தம். தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் இருக்கும்வரை இதனால் தமிழுக்கு இழப்பில்லை. ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் எவ்வாறு எழுதுவது என்னும் வினா எழலாம். 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, விரைவிலேயே திரும்பப் பெற்றது. கோயம்புத்தூரும் அப்பட்டியலில் இருந்தது. தேடுவோர் இன்றும் தட்டெழுதுவது பழைய எழுத்துக்கோவையே ஆதலின் முகவரிக்கு அதனைக் கொள்வதே தக்கது.

மையத்தொடரும் புணர்ச்சியும்

யோஸ்டின் இதயம் ‘மையத்தொடர்’ என்னும் பெட்டி. இக்கட்டுரையை எச்சொற்களால் தேடி வருவர் என ஆசிரியர் கருதுகிறாரோ அத்தொடரை அதில் இடவேண்டும். அத்தொடர் தலைப்பிலும் முதற்பத்தியிலும் துணைத்தலைப்பிலும் விவரக்குறிப்பிலும் உள்ளதா எனச் செருகுநிரல் பார்த்துச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை விளக்குகளால் காட்டும்.

ஆங்கிலம், ஜெர்மன், ருசியம் முதலிய மொழிகளில் ஒரு சொல்லின் வேற்றுமை, பன்மை வடிவங்களை அதே சொல்லாக இனங்காணும் திறன் இந்நிரலுக்கு உண்டு. தமிழுக்கு அத்திறன் அளிக்கப்படவில்லை. பெட்டியில் இட்ட வடிவம் அப்படியே வந்தால்தான் அது கணக்கில் சேரும்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் பற்றிய கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். மையத்தொடர் ‘ஈரோடு மஞ்சள்’. கட்டுரையிலோ இயல்பாக ‘ஈரோட்டு மஞ்சளுக்கு’, ‘ஈரோட்டில் விளையும் மஞ்சளின்’ என்றே வரும். உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தில் டகர, றகர ஒற்று இரட்டும் என்னும் நன்னூல் விதி நிரலுக்குத் தெரியாது; அதன் கண்ணில் ஈரோடு வேறு, ஈரோட்டு வேறு. இவ்வாறே ‘காங்கேயம்’ அத்துச்சாரியை பெற்றுக் ‘காங்கேயத்தில்’ ஆனாலும், ‘நொய்யல் ஆறு’ என்பது ‘நொய்யல் ஆற்றங்கரை’ ஆனாலும், ‘பவானி’ உடம்படுமெய் பெற்றுப் ‘பவானியில்’ ஆனாலும் விளக்கு சிவப்பாகவே இருக்கும்.

இங்கேதான் எழுதுபவர் வழுக்கி விழ நேர்கிறது. விளக்கைப் பச்சையாக்கும் பொருட்டு ‘ஈரோடு மஞ்சள் விலை’, ‘ஈரோடு மஞ்சள் சந்தை’ என எழுவாய் வடிவத்தையே வரிக்கு வரி அடுக்கும் நடை உருவாகிறது. அது தமிழ் நடையன்று. பச்சை விளக்கு செருகுநிரலின் கணிப்பேயன்றித் தேடுபொறியின் தீர்ப்பன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. கூகுள் அவ்விளக்குகளைக் காண்பதே இல்லை.

பெயர் இயல்பாகவே திரியாமல் நிற்கும் இடங்கள் தமிழில் உள்ளன. தலைப்பு, எழுவாயாக அமையும் முதல் வாக்கியம், துணைத்தலைப்பு, படவிளக்கம், படத்துக்கான மாற்றுரை ஆகியன அத்தகையவை. அவ்விடங்களில் மையத்தொடரை அப்படியே இட்டுவிட்டு, ஏனைய இடங்களில் இலக்கணப்படி எழுதுவதே போதுமானது. எஞ்சிய சிவப்பு விளக்கைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. யோஸ்டின் கட்டணப் பதிப்பில் ஒத்தசொற்களை இடுவதற்கு இடம் உண்டு. ‘ஈரோட்டு மஞ்சள்’ என்பதை அங்கே சேர்க்கலாம். ரேங்க் மேத் என்னும் மற்றொரு செருகுநிரலின் இலவசப் பதிப்பிலேயே ஐந்து மையத்தொடர்கள்வரை இட இயலும். தமிழுக்கு இது கூடுதல் வசதி எனலாம்.

செருகுநிரல் ஒரு கட்டுரைக்குக் குறைந்தது 300 சொற்கள் வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் நான்கு சொற்களாக நிற்பது தமிழில் ஒரு சொல்லாக ஒட்டி நிற்பதால், இவ்வளவையும் அப்படியே கொள்ள வேண்டியதில்லை.

ஒரே ஊர், பல பெயர்

கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. இவற்றுள் கோவை குறுகியது. ஆயினும் மயக்கம் தருவது. ‘கோவை இலக்கியம்’ எனத் தேடுபவர் அகப்பொருள் சார்ந்த சிற்றிலக்கிய வகையைத் தேடுகிறாரா, கோவை நகரத்து எழுத்தாளர்களைத் தேடுகிறாரா என்பது சொல்லளவில் தெளிவாகாது. கோவைக்கொடியும் உண்டு. நகரத்தைக் குறிக்குமிடத்து ‘கோவை மாவட்டம்’, ‘கோவை நகரம்’ என அடுத்த சொல்லால் வரையறுத்து மையத்தொடராக்குவது மயக்கத்தைக் குறைக்கும்.

கொடுமணல் இதனினும் சிக்கலானது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள இவ்வூரில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் மிகுதியாகக் கிடைத்தன. பதிற்றுப்பத்து கூறும் ‘கொடுமணம்’ இவ்வூரே என்பது ஆய்வாளர் கருத்து. இலக்கிய மாணவர் கொடுமணம் எனத் தேடுவர்; தொல்லியல் ஆர்வலர் கொடுமணல் எனத் தேடுவர். ஒரு வடிவத்தையே முழுக்கப் பயன்படுத்தும் கட்டுரை மற்றவரைச் சென்றடையாது. முதற்பத்தியில் இரு வடிவங்களையும் உறவுபடுத்தி எழுதினால் அது வாசகருக்கும் விளக்கமாகும், தேடுபொறிக்கும் சான்றாகும். காங்கேயம், காங்கயம் என்பவற்றுக்கும், கொங்கு நாடு, கொங்குநாடு எனப் பிரித்தும் சேர்த்தும் எழுதுவதற்கும் இது பொருந்தும்.

கண்ணுக்குப் புலப்படாத வேறுபாடு ஒன்றும் உண்டு. ‘கொ’ என்பதை ஒகரக்குறி ஒன்றால் எழுதலாம். எகரக்குறியும் காலும் எனத் தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறி இவற்றைச் சமமானவை என வரையறுத்தாலும், ஒரு நிரல் இரண்டையும் முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிடில் அவை வெவ்வேறு சொற்களாகிவிடும். ‘கொங்கு’, ‘கோவை’, ‘கொடுமணல்’ ஆகிய மூன்றும் இவ்வெழுத்துகளிலேயே தொடங்குகின்றன. பழைய குறியேற்றத்திலிருந்து மாற்றிய பனுவலை வெளியிடும்போது, ஆசிரியர் தம் விசைப்பலகையால் ‘கொங்கு’ எனத் தட்டெழுதிப் பக்கத்துக்குள் தேடிப் பார்த்தல் எளிய சோதனை.

விவரக்குறிப்பும் பின்தொடர்தலும்

தேடல் முடிவில் தலைப்பின் கீழ்த் தோன்றும் இரண்டு வரிகளே விவரக்குறிப்பு. யோஸ்ட் இதற்கு 156 என்னும் எல்லையைக் காட்டுகிறது. அது குறியீடுகளை எண்ணுவதால், தமிழில் ஏறத்தாழ நூறு எழுத்துகளிலேயே எல்லை வந்துவிடும். ஊர், பொருள், காலம் ஆகிய மூன்றும் முதல் வரியிலேயே அமைவது நலம். விவரக்குறிப்பை எழுதினாலும் கூகுள் சிலபோது பக்கத்திலிருந்து வேறு வரியை எடுத்துக் காட்டும்; அதனால் முதற்பத்தியும் தனித்து நின்று பொருள் தருவதாக இருத்தல் வேண்டும். இதற்கு நேர்மாறாக, குறிச்சொற்களை நூற்றுக்கணக்கில் மறைவாக இடும் பழைய வழக்கத்தால் பயனில்லை. தரவரிசைக்கு அவற்றைக் கொள்வதில்லை எனக் கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

செருகுநிரல் தானே உருவாக்கும் தளவரைபடத்தின் முகவரியைக் கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ பக்கத்தில் ஒருமுறை பதிந்துவிட வேண்டும். சில வாரங்களுக்குப் பின், எச்சொற்களைத் தட்டெழுதியவர்களுக்குத் தளம் காட்டப்பட்டது என்னும் பட்டியல் அங்கே கிடைக்கும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டெழுதித் தேடியவை, பேச்சுவழக்கு வடிவங்கள், எழுத்துப்பிழைகள் எல்லாம் அதில் இருக்கும். ஊர்ப்பெயர் வழக்குகளைத் தொகுக்கும் ஆய்வாளருக்கு அப்பட்டியலே ஒரு தரவு.

அதனைக் கொண்டு தலைப்பையும் மையத்தொடரையும் திருத்தலாம். முகவரியை மட்டும் எண்ணிப் பார்த்தே மாற்ற வேண்டும். வெளியிட்ட பதிவின் முகவரிப்பெயரை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு அனுப்பிவிடும். படிநிலையில் அமைந்த தனிப்பக்கங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அவற்றுக்கு வழிமாற்றைத் தனியே அமைக்காவிடில், அம்முகவரியை மேற்கோளாகத் தந்த ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் வெற்றுப் பக்கத்துக்கே இட்டுச்செல்லும்.