நடுங்காத கோடுகள்

சித்திரம் என்றால் அதில் ஒரு மரமாவது மனிதராவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் நம்மில் அநேகர். அப்படிப்பட்டவர் நஸ்ரீன் முகமதி அம்மையாரின் படத்தின் முன் நின்றால், "இதென்ன, இஞ்சினீயர் போட்ட பிளானைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்களே!" என்றுதான் கேட்பார். கேட்பதில் தவறில்லை. அம்மையார் கையாண்ட கருவிகளும் இஞ்சினீயருடையவைதாம்.

அவர் 1937-ல் கராச்சியில் பிறந்தார். பம்பாயில் வளர்ந்து, லண்டனிலும் பாரிஸிலும் கலை பயின்றார். 1972 முதல் 1990-ல் காலமாகும் வரையில் பரோடா சர்வகலாசாலையில் ஓவிய ஆசிரியை.

ஆரம்பப் படங்களில் செடிகொடிகளின் சாயல் உண்டு. வரவர அது கரைந்துவிட்டது. 1970-க்குப் பிறகு வந்தவை நேர்கோடுகளும் கட்டங்களும். அந்தக் கட்டங்களைச் சற்று உற்றுப் பாருங்கள். தட்டையான காகிதம் அலைபோல் எழும்பித் தாழ்வதாகத் தோன்றும். மாயம் ஒன்றுமில்லை, கோட்டின் கனமும் மையின் அடர்த்தியும் இடைவெளியும் மயிரிழை மயிரிழையாக மாறுவதுதான் காரணம். அச்சுப் பிரதியில் பார்த்தால் இதில் பாதி போய்விடும்.

இந்தக் கோடுகள் வானத்திலிருந்து குதித்தவையல்ல. கடற்கரை மணல், பதேபூர் சிக்ரியின் கல் தளம், தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் ஆகியவற்றை அம்மையார் புகைப்படம் எடுத்திருக்கிறார். அவற்றைத் தம் ஆயுளில் காட்சிக்கு வைக்கவில்லை. சித்திரங்களுக்கோ பெயர் கிடையாது. பெரும்பாலானவற்றில் தேதிகூட இல்லை. ஆராய்ச்சிக்காரர்களைத் திண்டாட வைப்பதென்று தீர்மானித்தார் போலும்! 2016-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடம் புதிய கிளையொன்றைத் திறந்தபோது, தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றாக இவர் படங்களையே வைத்தது.

'அடிக்கோலைப் பிடித்துக்கொண்டு கோடு இழுப்பதில் என்ன சாமர்த்தியம்?' என்று முதலில் நானும் எண்ணியதுண்டு. அம்மையாரின் கடைசிக் காலத்தைப் பற்றி அறிந்த பிறகு அப்படி எண்ணத் துணியவில்லை. நரம்பு நோய் ஒன்று அவரைப் பீடித்தது. அங்கங்கள் மெல்ல மெல்ல அவர் வசம் தப்பின. ஆயினும் அவர் மேஜையை விட்டு எழுந்துவிடவில்லை. கட்டங்களையும் உதறிவிட்டு, வெண்மையான காகிதத்தின் குறுக்கே சாய்ந்து பாயும் சில கோடுகளையும் வில்போன்ற வளைவுகளையும் மட்டும் வரைந்தார். அந்தக் கோடுகளில் எங்கேனும் கை நடுங்கிய அடையாளம் தெரிகிறதா என்று தேடிப் பார்த்தேன், எனக்குத் தென்படவில்லை.