வெளிச்சுவரும் விசாரிக்கத்தக்கதே

நம்மவர் பலர் இன்று பெங்களூரில் அடுக்குமாடி இல்லங்களில் குடிபுகுகின்றனர். தண்ணீரையும் பள்ளியையும் விசாரிக்கும் அவர்கள் வெளிச்சுவரை விசாரிப்பதில்லை.

2010 பிப்ரவரி 23 அன்று இந்நகரின் கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத்தில் தீப்பற்றியபோது, புகை உள்வழியே ஏறி மாடிகளை நிறைத்தது. 9 பேர் மாண்டனர். லண்டன் கிரென்ஃபெல் குடியிருப்பிலோ, 2017 ஜூன் 14 அன்று, நான்காம் மாடிச் சமையலறையில் தோன்றிய தீ வெளிச்சுவர் வழியே உச்சிவரை ஏறிற்று. சுவர்மேல் பதித்த அலுமினியத் தகடுகளின் நடுவே எளிதில் எரியும் பாலிஎத்திலீன் இருந்ததே முதற்காரணம்; 72 உயிர்கள் பலியாயின.

அத்தகைய தகடு நம் கட்டடத்திலும் உண்டா, அதன் நடுவே இருப்பது யாது என்று குடியிருப்போர் சங்கத்தார், கட்டியவரிடம் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். குடிபுகுமுன் கேட்பது இன்னும் நன்று.