வேலூர் தலைப்பாகை முதல் ஆவடி சீருடை வரை... சிப்பாய் உடையில் தப்பு நடந்தால் என்ன ஆகும்?

நனைந்த துணி எவ்வளவு கனக்கும் என்பதை எண்ணூர் மீனவர்களிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலில் விழுந்தால் உடம்பில் கட்டியிருக்கும் ஒவ்வொன்றும் ஆளைக் கீழே இழுக்கும். உலக ராணுவங்கள் இந்தப் பாடத்தைப் பல உயிர்களைக் கொடுத்துத்தான் படித்தன. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் வேலூரில் நடந்தது.

தோல் வைத்த தலைப்பாகை

1805 நவம்பரில் மதராஸ் ராணுவத்துக்கு ஒரு புது உத்தரவு வந்தது. தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் கொண்டுவந்தது அது. சிப்பாய்கள் தொப்பி போன்ற புதிய தலைப்பாகை அணிய வேண்டும். அதில் தோலால் ஆன குஞ்சம் இருக்கும். நெற்றியில் மதக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியும் கூடாது. இந்துக்கள், முஸ்லிம்கள் என இரு தரப்பும் கொதித்தார்கள். எதிர்த்தவர்களுக்குக் கிடைத்தது சவுக்கடி.

1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. 100-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷார் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று அதை அடக்கியது. திப்புவின் வாரிசுகள் அந்தக் கோட்டையில் இருந்ததும் புரட்சிக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனாலும், பற்றவைத்த பொறி அந்தத் தலைப்பாகைதான். பிறகு உத்தரவு ரத்தானது. கிராடக்கும் கவர்னர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

கவிழ்த்துவிட்ட மிதவை

1944 ஏப்ரல் 28. நார்மண்டி தரையிறக்கத்துக்காக இங்கிலாந்துக் கரையோரம் அமெரிக்க வீரர்கள் ஒத்திகையில் இருந்தார்கள். அப்போது ஜெர்மன் படகுகள் டார்பிடோ வீசின. கடலில் குதித்தவர்களில் பலர், காற்றடைத்த மிதவைப் பட்டையை அக்குளுக்குக் கீழே கட்டாமல் இடுப்பில் கட்டியிருந்தார்கள். முதுகில் கனமான மூட்டை, இடுப்பில் மிதவை. விளைவு? கால் மேலே, தலை தண்ணீருக்குள்! காப்பாற்ற வேண்டிய பட்டையே பலரைக் கவிழ்த்துவிட்டது.

பனியில் பருத்திச் சட்டை

1962 சீனப் போரில், இமயமலையில் 10,000 அடிக்கு மேல் நின்ற நம் வீரர்களில் பலரிடம் இருந்தது பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஷூவும்தான். எதிரியோடு சேர்த்துக் குளிரோடும் அவர்கள் போராட வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1961-ல், ஆவடியில் ராணுவச் சீருடைத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. இன்று அது 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. 2022 ஜனவரி 15, ராணுவ தின அணிவகுப்பில் அறிமுகமான புதிய போர்ச் சீருடை, நிஃப்ட் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைக்கப்பட்டது. 70 சதவிகிதம் பருத்தி, 30 சதவிகிதம் பாலியஸ்டர். அதனால் சீக்கிரம் காயும். சட்டையை 'இன்' பண்ணவும் தேவையில்லை. வியர்வையில் ஊறும் சென்னைவாசிகளுக்கு இதன் அருமை புரியும்.

தோளிலிருந்து இடுப்புக்கு

உடை இலகுவானாலும் சுமை குறையவில்லை. பண்டைய ரோமானிய வீரர்கள் தங்கள் சாமான் முழுவதையும் தாங்களே சுமந்ததால், தளபதி மாரியஸின் 'கோவேறு கழுதைகள்' என்று கேலி செய்யப்பட்டார்கள். இன்றைய வீரர்கள் குண்டு துளைக்காத உடை, தண்ணீர், ரேடியோ, பேட்டரி என 30 கிலோவுக்கு மேலும் சுமக்க நேர்கிறது. அதனால்தான் நவீன ராணுவப் பைகளில் அகலமான இடுப்புப் பட்டை இருக்கிறது. தோள் தாங்கும் எடையில் பெரும்பகுதியை அது இடுப்பு எலும்புக்கு மாற்றிவிடுகிறது.

நம் வீட்டுக்கும் இது பொருந்தும்

* படகில் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டை மார்போடு இறுக்கிக் கட்டுங்கள், இடுப்பில் தொங்கவிடாதீர்கள்.
* பிள்ளைகளின் ஸ்கூல் பேக், உடல் எடையில் 10 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப்பை கொள்கை. 25 கிலோ குழந்தைக்கு இரண்டரை கிலோ. கனமான புத்தகங்களை முதுகை ஒட்டி வையுங்கள்.

இன்று இரவே அந்தப் பையை ஒருமுறை எடைபோட்டுப் பாருங்களேன்!