உஷார்! அந்த மூன்றடி மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

"மூணடி ஏத்திக் குடுத்துடுறோம்ணே. எவ்ளோ மழை வந்தாலும் உங்க மனையில ஒரு சொட்டு நிக்காது."

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் மனை பார்க்கப் போன என் சித்தப்பா மகனிடம் தரகர் சொன்னது இது. சொன்னதில் பொய் இல்லை. நிற்காதுதான். பக்கத்து வயலில் நிற்கும், எதிர்த் தெரு வீட்டுக்குள் நிற்கும். அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, இவனும் கேட்கவில்லை.

ஐந்து சென்ட் என்றால் 2,178 சதுர அடி. மூன்றடி மேடாக்க 6,534 கன அடி மண் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட், ஆக 65 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 22 லோடு. இதையே தண்ணீர்க் கணக்கில் சொன்னால் 1 லட்சத்து 85 ஆயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் பதினைந்து லாரித் தண்ணீர். அவ்வளவு தண்ணீர் தங்கிய இடம் இனி கிடையாது. இது ஒரே ஒரு மனையின் கணக்கு. ஐந்து ஏக்கர் லேஅவுட் முழுவதையும் மூன்றடி உயர்த்தினால் 1 கோடியே 85 லட்சம் லிட்டர்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. அந்த மழையில் ஐந்து சென்ட் மனையில் மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும். கிடங்கல் ஏரித் தண்ணீர் திண்டிவனம் தெருக்களுக்குள் வந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில்கள் நின்றன. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே ஆறாக ஓடியது. புயலைத் திட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டோம். அந்தத் தண்ணீர் வழக்கமாகப் போகிற பள்ளங்களில் எத்தனை இப்போது மேடாகிவிட்டன என்று யாராவது எண்ணிப் பார்த்தோமா? ஏரிப் பகுதியில் கட்டிய விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் பெருமழை வந்தால் குளமாகிவிடுகிறது. அரசே இப்படி என்றால் தரகரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வாங்குகிறவர் கழுத்துக்குக் கத்தி இருக்கிறது. சாதாரண மண்தானே என்று நினைக்கிறோம். சாலை, கரை, கட்டடம் ஆகியவற்றுக்காகப் பள்ளம் நிரப்பவும் சமப்படுத்தவும் பயன்படும் சாதாரண மண்ணை மத்திய அரசு 2000 பிப்ரவரி 3-லேயே சிறு கனிமம் என்று அறிவித்துவிட்டது. எடுக்க அனுமதி வேண்டும், ஏற்றிச் செல்ல நடைச்சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டப்படி வண்டி பறிமுதல் ஆகும், ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. வானூர் வட்டம் பூத்துறையில் அனுமதித்த அளவுக்கு மேல் செம்மண் எடுத்ததாக 2012-இல் பதிவான வழக்கை விழுப்புரம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. அரசுக்கு 28 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்பது அதில் குற்றச்சாட்டு.

"ஏரி வண்டல்ணே, கவர்மென்ட்டே ஃப்ரீயா குடுக்குது" என்றார் அதே தரகர். கொடுக்கிறதுதான், ஆனால் விவசாயத்துக்கும், வீட்டுத் தேவைக்கும், மண்பாண்டத்துக்கும். அதற்கும் அளவு இருக்கிறது. நஞ்சை என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, வீட்டுக்கு 30. நம் ஐந்து சென்ட் மனைக்கு வேண்டியதோ 185 கன மீட்டர். ஒரு ஏக்கர் நஞ்சை விவசாயிக்குக் கிடைப்பதைப் போல இரண்டரை மடங்கு ஒரே மனைக்குள் போகிறது என்றால், அந்த மண் எந்தச் சீட்டில் வந்திருக்கும்? 2024 முதல் இந்த அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கிறது. விவசாயிக்கு நல்லதுதான். ஆனால் ஊரில் யாராவது வந்து "உங்க சிட்டா நகல் ஒண்ணு குடுங்க, பார்த்துக்கிறேன்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். சீட்டு உங்கள் பேரில் இருக்கும், மண் லேஅவுட்டில் கிடக்கும்.

இனி விதிகளுக்கு வருவோம். திட்டப் பகுதிக்கு வெளியே விளைநிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவுப்படி உள்ளாட்சியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவும் வேண்டும். தாழ்வான இடம் என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். எவ்வளவு மேடாக்க வேண்டும் என்றுகூட அதில் எழுதித் தருவதுண்டு. கனிமவளத் துறை மண் எங்கே வெட்டியது என்று கேட்கிறது. எல்லாம் சரி. மண் வந்து கொட்டுகிற அன்று, "இதுவரை இந்த வழியாகப் போன தண்ணீர் இனி எந்த வழியாகப் போகும்?" என்று கேட்க யார் வந்து நிற்கிறார்கள்? என் கண்ணில் ஒருவரும் பட்டதில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் டொரன்டோ நகரம் தோண்டிப் போட்ட மண் லாரி லாரியாகச் சுற்றுவட்டக் கிராமங்களுக்குப் போய், அங்கே பெரிய ரகளையானது. அந்த மாகாண நகராட்சிச் சட்டத்தின் 142-ஆம் பிரிவு, மண் கொட்டவும் நிலத்தின் மட்டத்தை மாற்றவும் உள்ளூராட்சியே விதி போடலாம் என்கிறது. திண்டிவனமும் மயிலமும் இதை அங்கிருந்து இரவல் வாங்கலாம், கௌரவம் ஒன்றும் குறையாது.

நம்மிடமும் பிடிமானம் இல்லாமல் இல்லை. மேட்டு நிலத்துத் தண்ணீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடுவதை அந்த நிலத்துக்காரர் தடுக்கக் கூடாது என்பது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் கப்பியாம்புலியூரில் ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு குறித்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2005 ஜூன் 27-இல் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னதோடு நிற்கவில்லை. மாநிலம் முழுக்க நீர்நிலைகளை அடையாளம் கண்டு மீட்கவும் சொன்னது. இரண்டு வருடத்தில், 2007-இல், ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு முழுக்க இன்று ஏரிக்காக வழக்குப் போடுகிறவர்கள் காட்டும் தீர்ப்பு நம்ம ஊர் ஓடையில் பிறந்தது.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இ-சேவை இணையதளத்தில் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் எண்ணை மட்டுமல்ல, நான்கு பக்கத்து எண்களையும். வாய்க்கால், ஓடை, குளம் என்று ஏதாவது வந்தால் தரகரிடம் பேச வேண்டாம், ஊரில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு விவசாயியைக் கூட்டிக்கொண்டு இடத்துக்குப் போங்கள். ஏரி நிரம்பி வழியும் கலங்கல் எது, மறுகால் எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியும். மண் இறங்குகிற ஒவ்வொரு டிப்பரிலும் நடைச்சீட்டைக் கேட்டு, தேதியும் நேரமும் தெரிய போனில் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள், பக்கத்தில் மண் விழ ஆரம்பித்த அன்றே ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். விழுந்து முடிந்த பிறகு அதை அள்ளச் சொல்வது யாராலும் ஆகாது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஓரடிக்கு மேல் நிலத்தை உயர்த்துகிறவர் முன்கூட்டியே ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள். அது சட்டம் ஆகிவிடாது, நாளைக்கு நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் 2 கூட்டம் வருகிறது.

என் சித்தப்பா மகன் வரைபடம் எடுத்துப் பார்த்தான். மனையின் கிழக்கு ஓரத்தில் இரட்டைக் கோடு ஒன்று போகிறது. தரகரைக் கேட்டால், "அது பழைய வாய்க்கால்ணே, இப்ப அதுல தண்ணியே வர்றதில்ல" என்கிறார். மண் மட்டும் போன வாரமே இறங்கிவிட்டது.