வீட்டு வாசலுக்குக் கேமரா வாங்கும் முன்



ரமளான் நெருங்கும்போதெல்லாம் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. தராவீஹுக்கு ஆண்கள் பள்ளிக்குப் போய்விட்டால் வீட்டில் பெண்களும் பெரியவர்களும் மட்டும் இருப்பார்கள். உம்ராவுக்குப் போகும் குடும்பம் பதினைந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறது. துபாயிலோ தம்மாமிலோ இருக்கும் மகன், இங்கே தனியாக இருக்கும் அத்தா அம்மாவை அவ்வப்போது பார்க்க ஆசைப்படுகிறார். "எந்தக் கம்பெனி கேமரா நல்லது பாய், எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் படம் எங்கே போய்ச் சேருகிறது, எந்த ஆப்பில் திறக்கும், அதன் பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும்?

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் வெளியான விவகாரத்தைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராவில் பதிவான பெண் நோயாளிகளின் காட்சிகள் டெலிகிராம் வழியாக விலைக்கு விற்கப்பட்டன. யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. ஊகிக்க எளிதான ஆரம்ப பாஸ்வேர்டு மாற்றப்படாமலே இருந்தது. 2016 அக்டோபரில் 'மிராய்' என்ற தீநிரல், இதேபோல் பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் உலகம் முழுக்கப் பிடித்து வைத்துக்கொண்டு, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களையே சில மணி நேரம் முடக்கியது. வாசலைக் காக்க வாங்கிய பொருள், கவனிக்காமல் விட்டால் வீட்டுக்குள் திறந்த இன்னொரு வாசலாகிவிடும்.

இனி பொருத்தம் பற்றி. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல வைஃபை கேமராக்கள் அவற்றின் சொந்த ஆப்பில் மட்டுமே திறக்கும். கம்பெனி அந்த ஆப்பை நிறுத்தினாலோ, மாதச் சந்தா கட்டச் சொன்னாலோ நமக்கு வேறு வழி இருக்காது. வாசலுக்கு ஒரு கம்பெனி, மாடிக்கு இன்னொரு கம்பெனி என்று ஆஃபரில் வாங்கியவர்கள் இரண்டு ஆப்பை மாறி மாறித் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்காகவே 2008இல் ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 'ஆன்விஃப்' என்ற பொதுத் தரத்தை உருவாக்கின. பல்பும் ஹோல்டரும் மாதிரிதான். ஹோல்டர் ஒரே அளவில் இருப்பதால் எந்தக் கம்பெனி பல்பும் மாட்டுகிறது. ஆன்விஃப் உள்ள கேமராவை வேறு கம்பெனியின் பதிவுப் பெட்டியிலும், கம்ப்யூட்டர் மென்பொருளிலும் சேர்க்கலாம். அதன் 'புரொஃபைல் எஸ்' படத்தை அனுப்புவதற்கானது. 'புரொஃபைல் டி' அதற்குப் பின் வந்தது, எச்.265 சுருக்க முறையையும் ஏற்கும். பெட்டியில் ஆன்விஃப், ஆர்.டி.எஸ்.பி. என்ற இரண்டில் ஒன்றாவது அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலும் இவை இருக்காது. டி.பி.லிங்கின் டாப்போ வரிசையில் மின்இணைப்புள்ள பல மாடல்களில் உண்டு, ஆனால் ஆப்புக்குள் போய்த் தனியாக 'கேமரா அக்கவுண்ட்' ஒன்றை உருவாக்கினால்தான் வேலை செய்யும்.

கடைக்காரர் "எல்லாத்துலயும் வரும்ங்க" என்று சொன்னால், அங்கேயே ஒரு லேப்டாப்பில் வி.எல்.சி. பிளேயரைத் திறந்து கேமராவின் ஆர்.டி.எஸ்.பி. முகவரியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படம் வந்தால் வாங்கலாம். கிராஸ்கட் ரோட்டில் துணி எடுக்கும்போது பத்துக் கடை ஏறி இறங்குகிற நாம், இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

பதிவு செய்யும் மென்பொருள்களில் லினக்ஸில் ஓடும் சோன்மைண்டர், ஃப்ரிகேட் இரண்டும் இலவசம். விண்டோஸில் ப்ளூ ஐரிஸ் காசு கொடுத்து வாங்குவது. ஏஜென்ட் டி.வி.ஆர். வீட்டுக்குள் பயன்படுத்த இலவசம். கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் முயன்று பார்க்கட்டும். மற்றவர்களுக்கு என் அபிப்பிராயம், என்.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டியே போதும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டால், 60 வாட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட் ஆகிவிடும். வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பகுதி இதற்கே போய்விடும். சிறிய என்.வி.ஆர். பெட்டி அதில் ஒரு பங்குதான் எடுக்கும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்? எச்.265இல் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜி.பி. எடுக்கும். 128 ஜி.பி. மெமரி கார்டு ஆறு நாள்கூட வராது. பதினைந்து நாள் உம்ராவுக்குப் போய்வந்து முதல் வாரத்துக் காட்சியைத் தேடினால் இருக்காது. 1 டி.பி. டிஸ்க்கில் நான்கு கேமரா 11 நாள் நிற்கும். ஆள் அசைந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் இன்னும் நீளும். கார்டு கேமராவுக்குள்ளேயே இருப்பதில் இன்னொரு சிக்கல், திருடன் கேமராவைக் கழற்றினால் சாட்சியும் அவனோடு போய்விடும்.

வாசல் கேமராவுக்கு முடிந்தவரை கேபிள் இழுப்பது நல்லது. பி.ஓ.இ. முறையில் ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும், 100 மீட்டர் வரை தாங்கும். வைஃபை கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே சேரும், முதல் நாளே "கனெக்ட் ஆகல" என்று திணறுபவர்கள் இதைக் கவனியுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் மோடம் அணைந்தால் துபாயில் இருக்கும் மகனுக்குப் படம் போகாது. மோடத்துக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வையுங்கள்.

2025 ஏப்ரல் 9 முதல், இந்தியாவில் விற்கப்படும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புப் பரிசோதனையில் தேற வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய ஸ்டாக் என்று விலை குறைத்துத் தள்ளுவதை வாங்கும் முன் பரிசோதனைச் சான்று உள்ள மாடலா என்று கேளுங்கள்.

கேமரா எதைப் பார்க்கிறது என்பதில்தான் நம் வீடுகளில் மனஸ்தாபம் வருகிறது. நம் தெருக்கள் குறுகியவை. நம் வாசலுக்கு வைத்தது எதிர்வீட்டு வாசலையும் ஜன்னலையும் சேர்த்தே பிடிக்கும். அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் 27ஆம் வசனம் சொல்கிறது. பிறர் குறைகளைத் துருவுவதை அல்ஹுஜுராத் 12ஆம் வசனம் தடுக்கிறது. நல்ல கேமராக்களில் 'பிரைவசி மாஸ்க்' என்ற வசதி உண்டு. எதிர்வீடு தெரியும் பகுதியை மட்டும் கறுப்புக் கட்டமாக மறைத்துவிடலாம். மாட்டியதும் எதிர்வீட்டாரையே அழைத்துத் திரையைக் காட்டிவிடுங்கள்.

வீட்டுக்குள் வைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. அந்நூர் 58ஆம் வசனத்தில், ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை களைந்து ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின் என்று மூன்று நேரங்களில் சொந்த வீட்டுச் சிறு பிள்ளைகளே அனுமதி கேட்டு வர வேண்டும் என்று வருகிறது. கேமரா அனுமதி கேட்பதில்லை. நடக்க முடியாத பெரியவருக்காக ஹாலில் வைத்தே ஆக வேண்டும் என்றால், பெண்களின் சம்மதத்தோடு, மைக்கை அணைத்து, படுக்கையறைக் கதவு தெரியாத கோணத்தில் வையுங்கள். கூட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி: ஒரே வீட்டில் வசிக்கும் மற்றவர் சம்மதமின்றி குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா வைக்கக் கூடாது என்ற கல்கத்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கடைசியாக, மாட்ட வரும் பையன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் போனிலேயே ஆப்பைத் திறந்து கேமராவைச் சேர்த்துவிடுவார். பல ஆப்களில் முதலில் யார் கணக்கில் சேர்கிறதோ அவரே உரிமையாளர். உங்கள் போனில், உங்கள் எண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் கிளம்பியதும் பாஸ்வேர்டை மாற்றுங்கள், கேமராவுக்கு ஒன்று, வைஃபைக்கு வேறு ஒன்று. வெளிநாட்டில் உள்ள மகனுக்கு பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், ஆப்பிலேயே உள்ள 'ஷேர்' வழியாகப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றே ஆப்பைத் திறந்து, யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் நீக்கிவிடுங்கள், நீக்கத் தெரியாவிட்டால் போனை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.